கதவில்லாத அலமாரிக்குத் துணி கட்டுவது எப்படி?

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். மதுரையில் வாடகை வீடு. ஹாலில் சுவரோடு சேர்த்துக் கட்டிய அலமாரி, நாலடி அகலம், ஐந்தடி உயரம். உள்ளே மூன்று சிமெண்ட் பலகை, கதவு கிடையாது. சமையலறையில் கடப்பாக்கல் தட்டுகள். சாமிக்கு ஒரு மாடம். ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். துணி வைத்து அழகுபடுத்தலாம் என்று நினைக்கிறீர்கள். என்ன துணி வாங்குவது, ஆணி இல்லாமல் எப்படி நிறுத்துவது, அம்மாவின் பழைய சுங்குடிச் சேலைகள் இதற்கு உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகச் செய்யலாம். வீட்டுக்கான துணிகள் தைத்துக் கொடுப்பதுதான் என் தொழில் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பலர் முதலில் துணியை வாங்கிவிட்டு, அதை எப்படி மாட்டுவது என்று பிறகு யோசிக்கிறார்கள். அலமாரித் துணிக்கு அந்த வரிசை சரிப்படாது. துணி எப்படிக் கழன்று வரும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நம் ஊர்த் தூசிக்கு ஹால் துணியே ஓரிரு மாதத்துக்கு ஒருமுறை துவைக்கப் போயாக வேண்டும். கழற்றி மாட்டுவது பெரிய வேலையாக இருந்தால் யாரும் கழற்ற மாட்டார்கள். கழற்றாத துணியின் மடிப்புக்குள் ஒட்டடை சேரும், கரப்பான் குடியேறும், பல்லி முட்டை வைக்கும். ஆகவே பசை, இருபக்க டேப், ஸ்டேப்ளர் மூன்றையும் இப்போதே ஒதுக்கிவிடுங்கள். டேப் சித்திரை வெயிலில் இளகி இறங்கிவிடும். போகும்போது பெயிண்ட்டையும் உரித்துக்கொண்டு போகும். கடப்பாக்கல்லில் டிரில் போடும் எண்ணமும் வேண்டாம். அது அடுக்கடுக்காகப் படிந்த சுண்ணாம்புப் பாறை. விளிம்பில் துளை போட்டால் சில்லு சில்லாகப் பெயர்ந்துவிடும்.

ஆணி இல்லாத வீட்டுக்குச் சிறந்த வழி எடைதான். பலகையின் மேல் ஒரு துணியை விரித்து, அதன் முன்விளிம்பில் கீழே தொங்கும் துணிப்பட்டையை, அதாவது தொங்கலை, தைத்துவிட்டால், மேலே வைக்கிற புத்தகமோ டப்பாவோ பாத்திரமோ துணியைப் பிடித்துக்கொள்ளும். உள்ளே போகும் பகுதி வெளியே தெரியாது என்பதால் அதற்கு விலை குறைந்த காடா துணி போதும். பலகையின் முழு ஆழத்துக்கும் விரிக்கத் தேவையில்லை, எட்டிலிருந்து பத்து அங்குலம் உள்ளே போனால் நிற்கும். மேலே வைக்கப்போவது எடை இல்லாத பொருள் என்றால், காடாவின் பின்ஓரத்தில் உள்பாவாடைக்கு நாடா கோர்க்க விடுவதுபோல ஒரு மடிப்பு விட்டுத் தையுங்கள். அதற்குள் மரக்கடையில் கிடைக்கும் மெல்லிய ரீப்பர் சட்டத்தை அலமாரியின் அகலத்துக்கு அறுத்துச் செருகிவிட்டால் போதும். துவைக்கும்போது ரீப்பரை உருவிவிட வேண்டியதுதான்.

இனி அளவு. தொங்கலைச் சுருக்கு வைத்துத் தைப்பதானால் பலகை அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு துணி வேண்டும். உங்கள் ஹால் பலகை 48 அங்குலம், எனவே தொங்கலுக்கு 72 அங்குலம். சிலர் இரண்டு மடங்கு எடுப்பார்கள். வாயில் (voile) என்ற மெல்லிய துணிக்கு அது அழகு, கனமான துணிக்குப் பொம்மென்று உப்பிக்கொண்டு நிற்கும். தொங்கலின் உயரத்தைப் பலகைகளுக்கு இடையிலுள்ள இடைவெளியில் கால் பங்குக்கு மேல் போகவிடாதீர்கள். பதினைந்து பதினாறு அங்குல இடைவெளிக்கு நாலு அங்குலம் சரியாக இருக்கும். சிமெண்ட் பலகையின் கனமும் மறைந்துவிடும். சமையலறையில் மூன்று அங்குலத்தோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் கீழ்த்தட்டு டப்பாவை இழுக்கும் ஒவ்வொரு முறையும் கை துணியில் படும். அந்த இடம் மட்டும் பதினைந்து நாளில் எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்துவிடும்.

சுங்குடிச் சேலைக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். சுங்குடி நம் ஊர் சௌராஷ்டிர மக்கள் கையில் வளர்ந்த கலை. துணியைச் சிட்டிகை சிட்டிகையாக எடுத்து நூலால் முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி, பிறகு முடிச்சை அவிழ்த்தால் சாயம் ஏறாத இடம் புள்ளியாக நிற்கும். மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. இப்போது கடைகளில் சுங்குடி என்று வருவதில் பெரும்பங்கு மெழுகு அச்சோ ஸ்கிரீன் அச்சோதான். அம்மாவின் சேலை கையால் முடிச்சுப் போட்டதா என்று பார்க்க ஒரு புள்ளியைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். முடிச்சுப் போட்ட புள்ளி பக்கத்துப் புள்ளியைப் போல அச்சாக இருக்காது. நடுவில் சில சமயம் ஒரு பொட்டுச் சாயம் இருக்கும், ஓரம் கொஞ்சம் கசிந்திருக்கும். அச்சிட்ட புள்ளிகள் ஒரே வார்ப்பாக இருக்கும். அச்சுத் துணியாக இருந்தால் யோசிக்காமல் வெட்டலாம். கையால் முடிந்தது என்றால் கத்திரியை எடுக்கும் முன் இந்தப் பதிலைக் கடைசிவரை படித்துவிடுங்கள்.

பழைய பருத்திச் சேலைக்கு அலமாரி வேலையில் இரண்டு வசதி உண்டு. சுருங்க வேண்டிய அளவு எப்போதோ சுருங்கி முடிந்தது; போக வேண்டிய சாயமும் போய்விட்டது. புதுத் துணியில் நமக்கு இருக்கும் இரண்டு பெரிய தொல்லைகளும் இதில் இல்லை. பார்க்க வேண்டியது நைவு மட்டும்தான். சேலையை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். இழை விலகிய இடம் சல்லடைக்கண்ணாகத் தெரியும். உட்காரும் பகுதியும் காலடியில் உரசும் கீழ்க்கரையும்தான் முதலில் நையும். இடுப்பில் முதலில் செருகும் உள்சுற்று வெயில் படாமலேயே இருந்திருக்கும், எனவே அங்கே நிறம் அப்படியே நிற்கும். முந்தியும் பெரும்பாலும் நன்றாக இருக்கும், நிறம் மட்டும் ஒரு மாற்றுக் குறைந்திருக்கும்.

இதில் பெரிய லாபம் கரை. சேலைக் கரையின் வெளி ஓரம் தறியிலேயே முடிந்து வருவது. நூல் பிரியாது, மடித்துத் தைக்க வேண்டாம். மேல்கரையை ஓரத்திலிருந்து நாலரை அங்குலத்துக்கு நீளவாக்கில் வெட்டி எடுத்தால், அரை அங்குலம் தையலுக்குப் போக நாலு அங்குலத் தொங்கல் தயார். ஐந்தரை மீட்டர் சேலை என்றால் 216 அங்குலம். ஒரு பலகைக்கு 72 வீதம், உங்கள் மூன்று பலகைக்கும் ஒரே கரை கச்சிதமாகப் போதும். வெட்டின மேல்விளிம்பில் இயந்திரத்தில் நீளத் தையலாக இரண்டு வரி போட்டு, அடிநூலை இழுத்துச் சுருக்குங்கள். இரண்டு வரி ஏன் என்றால், ஒரு நூல் அறுந்தாலும் இன்னொன்று பிடிக்கும். சுருக்கும் சீராக விழும். சரிகைக் கரை என்றால் சுருக்கவே வேண்டாம். சரிகை மடங்காது, முரண்டு பிடிக்கும். அதைப் பலகை அகலத்துக்குத் தட்டையாகவே தொங்கவிடுங்கள், பட்டையாக மின்னிக்கொண்டு நன்றாக இருக்கும். ஆனால் சமையலறைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், ஆவியிலும் புகையிலும் சரிகை கறுத்துவிடும்.

சுருக்குத் தொங்கல் எல்லோர் வீட்டிலும் இருப்பதுதானே, வேறு ஏதாவது வேண்டும் என்றால் தேரைப் பாருங்கள். சித்திரைத் திருவிழாவில் மாசி வீதிகளைச் சுற்றிவரும் தேரில் உருளை உருளையாகத் தொங்கும் தொம்பையும், சுற்றிக் கட்டிய தேர்ச்சீலையும் இருக்கின்றன அல்லவா? சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை என்று முழு நிறத் துணிகளை வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று வைத்துத் தைத்து, கீழ்விளிம்பை வளைவு வளைவாகவோ முக்கோணமாகவோ முடித்திருப்பார்கள். அந்த விளிம்பை நாலு அங்குலத்தில் செய்து அலமாரியில் தொங்கவிட்டால், உள்ளே பித்தளையோ மண்பொம்மையோ எதை வைத்தாலும் எடுப்பாக இருக்கும். வளைவு வரைய ஒரு டம்ளரைக் கவிழ்த்துப் பாதி வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். 48 அங்குலத்துக்கு மூன்று அங்குல அகலத்தில் பதினாறு வளைவு வரும், மிச்சம் விழாது. இரண்டு துணியை உள்புறம் வெளியே தெரிய வைத்து வளைவின்மேல் தைத்து, வளைவைச் சுற்றித் தையலை வெட்டிவிடாமல் சிறு சிறு வெட்டுக் கொடுத்துத் திருப்ப வேண்டும். வெட்டுக் கொடுக்காவிட்டால் வளைவு திரும்பாமல் மூலை மூலையாக நிற்கும். இந்த வேலைக்குச் சிவப்பை மட்டும் சோதித்து வாங்குங்கள். ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் தேய்த்தால் ஒட்டக் கூடாது. ஒட்டினால் முதல் துவைப்பிலேயே பக்கத்து வெள்ளை ரோஸாகிவிடும்.

சாயத்துக்குக் கல் உப்பு போட்டு ஊறவைத்தால் நின்றுவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். உப்பு அந்த நேரத்துக்குச் சாயம் தண்ணீரில் கரைவதைக் குறைக்குமே ஒழிய, இழையில் பிடிக்காத சாயத்தைப் பிடிக்க வைக்காது. குளிர்ந்த தண்ணீரில் தனியாக, தண்ணீர் தெளிகிறவரை அலசுவதுதான் வழி. காயவைப்பது நிழலில்.

கடைக்குப் போக வேண்டியிருந்தால் விளக்குத்தூண், தெற்கு மாசி வீதி, பத்துத்தூண் சந்துப் பக்கம் ஒரு நடை நடந்தாலே வேண்டியது எல்லாம் கிடைக்கும். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புதுமண்டபத்தில் இருந்த தையற்காரர்களும் கடைக்காரர்களும் குன்னத்தூர் சத்திரக் கட்டடத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறார்கள். நாடா, குஞ்சம், திருவிழா உடுப்புத் தையல் எல்லாம் கைவந்த ஆட்கள். தொம்பை வளைவு என்று சொன்னாலே புரிந்துகொள்வார்கள். தொங்கலுக்குப் பாப்ளின் போதும். திரை மாதிரி மறைக்க வேண்டுமென்றால் கேஸ்மென்ட் வாங்குங்கள், அல்லது செட்டிநாட்டுக் கண்டாங்கிச் சேலையையே எடுத்துக்கொள்ளலாம். கண்டாங்கியின் பெரிய கட்டங்களும் கனமும் அலமாரித் திரைக்கு மிகப் பொருத்தம். எந்தத் துணியானாலும் அகலத்தைக் கேட்டுக்கொண்டு கணக்குப் போடுங்கள். 36, 44, 54 அங்குலம் என்று கடைக்குக் கடை மாறும்.

கடைக்கே போகாமலும் முடியும். வெற்றிலை பாக்கோடு வந்து பெட்டியில் அடுக்கி வைத்திருக்கும் ரவிக்கைத் துணிகள் எல்லார் வீட்டிலும் உண்டு. நாலைந்து நிறத்தை எடுத்துப் பட்டை பட்டையாக இணைத்தால் ஒரு அலமாரிக்கே ஆகும். அதில் பாதி பாலியெஸ்டர் கலந்ததாக இருக்கும், பார்த்தால் தெரியாது. ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தட்டின் மேல் வைத்துக் கொளுத்துங்கள். காகிதம் எரிந்த வாடையோடு சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. உருகி கெட்டியான மணியாக உருண்டால் பாலியெஸ்டர். ஹாலில் பாலியெஸ்டரால் தொல்லை இல்லை. அடுப்பும் விளக்கும் இருக்கும் பக்கம் அது வரவே கூடாது, தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

தீயைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பூஜை மாடத்தைத்தான் மக்கள் முதலில் அலங்கரிக்க ஆசைப்படுகிறார்கள். விளக்கு எரிகிற மாடத்தின் மேல்விளிம்பில் எந்தத் துணியும் தொங்கக் கூடாது, பட்டோ பருத்தியோ எதுவானாலும். சுடர் சின்னதாகத்தான் இருக்கும், ஆனால் அதன் சூடு நேரே மேலே ஏறும். மின்விசிறி போட்டால் தொங்கல் உள்பக்கம் சாயும். மாடத்தின் கீழ்த்தட்டில் விளிம்புக்கு வெளியே தொங்குகிற மாதிரி மட்டும் போடுங்கள். விளக்கையும் ஊதுபத்தியையும் பித்தளைத் தட்டின் மேல் வையுங்கள். மாடத்தின் பின்சுவருக்கும் துணி வேண்டாம். அடுப்புக்கு நேர் மேலேயும் பக்கத்திலேயும் உள்ள கடப்பாக்கல் தட்டுகளுக்கும் இதே விதிதான், அங்கே வெறும் கல்லாகவே இருக்கட்டும்.

சமையலறையில் மளிகை டப்பா இருக்கும் தட்டுகளுக்கு ஈரிழைத் துண்டு நல்ல தேர்வு. மெல்லிசு, சீக்கிரம் காயும், எண்ணெய்ப் பிசுக்கை வெந்நீரும் சோப்பும் எடுத்துவிடும். துண்டின் கரையே தொங்கலாகிவிடும், தையல்கூட வேண்டாம். கழுவிக் கவிழ்க்கும் பாத்திரத் தட்டில் துணி விரிக்காதீர்கள். ஈரம் கல்லுக்கும் துணிக்கும் நடுவில் நின்று பூஞ்சை பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டே நாளில் வாடை வந்துவிடும்.

ஹால் அலமாரியின் பின்சுவர் கறை படிந்து அசிங்கமாக இருக்கிறது என்றால் அதற்கும் துணி உண்டு. நேரே சுவரில் ஒட்டாமல், ஹார்டுபோர்டை ஒவ்வொரு கண்ணத்தின் (இரண்டு பலகைக்கு நடுவிலுள்ள அறையின்) அளவுக்கும் கால் அங்குலம் குறைத்து அறுத்து, துணியால் போர்த்துங்கள். பின்பக்கம் துணியின் இரண்டு ஓரங்களையும் கெட்டி நூலால் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டினால் முன்னால் சுருக்கமில்லாமல் விறைப்பாக நிற்கும். துவைக்க வேண்டுமென்றால் நூலை வெட்டினால் போதும். வெளிச்சுவராக இருந்தால் மழைக்காலத்தில் ஓதம் ஏறும். போர்டுக்குப் பின்னால் நாலு மூலையிலும் பாட்டில் மூடி வைத்துச் சுவரிலிருந்து சற்று விலக்கி நிறுத்துங்கள், காற்று போய்வர இடம் கிடைக்கும். பின்துணி மட்டும் முழு நிறமாக இருக்கட்டும் என்பது என் கருத்து. புள்ளியும் பூவும் போட்ட துணிக்கு முன்னால் சின்னப் பொருள்கள் காணாமல் போய்விடும். பித்தளைக்கு அரக்கும் கரும்பச்சையும் எடுப்பு. புத்தகத்துக்கு எந்தப் பின்துணியும் வேண்டாம். புத்தக அட்டைகளே போதுமான நிறம். அங்கே கஞ்சி போட்ட துணியையும் வைக்காதீர்கள். மாவுப்பொருளுக்கு வெள்ளிப்பூச்சி வரும், துணியைத் தின்றுவிட்டுப் புத்தகத்துக்குப் போகும். விறைப்பு வேண்டுமென்றால் தொங்கலுக்குள் கேன்வாஸ் வைத்துத் தையுங்கள்.

முழு அலமாரியையும் மூடும் திரைதான் வேண்டும் என்றால், ஆணி இல்லாமல் இரண்டு பக்கச் சுவருக்கும் நடுவே நெருக்கி நிற்கும் ஸ்பிரிங் கம்பி கிடைக்கிறது. நாலடி அகலத்துக்குக் கனத் துணி போட்டால் கம்பி நடுவில் தொய்யும், ஆகவே இந்தக் கம்பிக்குப் பாப்ளினைத் தாண்டாதீர்கள்; முன்பு சொன்ன கேஸ்மென்ட்டும் கண்டாங்கியும் கம்பியில்லாத குட்டித் திரைக்குத்தான். 44 அங்குல அகலத் துணியில் இரண்டு பாளம், அதாவது இரண்டு முழு அகலத் துண்டு, வேண்டும். உயரம் 60, மேல்மடிப்புக்கு 3, கீழ்மடிப்புக்கு 3, சுருங்குவதற்கு 3, ஆக ஒரு பாளம் 69 அங்குலம். இரண்டுக்கும் மூன்றரை மீட்டர். துணியை வாங்கியதும் ஒருமுறை நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்ட பிறகே வெட்டுங்கள். நான் சிபாரிசு செய்வது, மேலே இரண்டு பலகைகளுக்குத் தொங்கல் மட்டும் போட்டுத் திறந்து வைத்து, கீழே ஒழுங்கில்லாத சாமான் இருக்கும் கண்ணத்துக்கு மட்டும் குட்டித் திரை விடுவது. அந்தத் திரைக்குக் கம்பியே வேண்டாம். அதன் மேல் பலகையில் ரீப்பர் வைத்த காடாவோடு தொங்கலுக்குப் பதில் திரையைத் தைத்துவிடலாம். மேலே கனமான புத்தகங்களை அடுக்குங்கள், குழந்தைகள் இழுத்தாலும் லேசில் வராது.

எல்லாவற்றையும் இரண்டு செட்டாகத் தையுங்கள். ஒன்று துவைக்கப் போனால் மற்றது ஏறும். சமையலறைத் துணியைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். மேற்கு ஜன்னலுக்கு எதிரே இருக்கும் அலமாரிக்கு அடர் நீலமும் அரக்கும் வேண்டாம், மாலை வெயிலில் பட்டை பட்டையாக வெளுக்கும். மடித்து வைக்கும் செட்டில் காய்ந்த வேப்பிலையோ வசம்போ போட்டு வையுங்கள்.

கடைசியாக, கையால் முடிந்த சுங்குடி இருந்து, அதை வெட்ட மனம் வராவிட்டால். வெட்டாமலே போடலாம். சேலையை நீளத்தில் மூன்றாக மடித்தால் 72 அங்குலம் வரும். உங்கள் 48 அங்குலப் பலகைக்கு அது அதிகம், எனவே நான்காக மடியுங்கள். 54 அங்குலம் வரும், பக்கத்துக்கு மூன்று அங்குலம் உள்ளே மடித்துவிட்டால் சரியாக உட்காரும். கரை முன்னால் நாலு அங்குலம் தொங்க, மீதி அகலத்தைப் பலகையின் ஆழத்துக்கு விசிறி மடிப்பாக முன்னும் பின்னும் மடித்து உள்ளே தள்ளுங்கள். மடிப்புகள் நகராமல் இருக்கப் பின்ஓரத்தில் மட்டும் வெள்ளை நூலால் கையால் நீளநீளமாக நூலோட்டிவிடுங்கள், அதை எப்போது வேண்டுமானாலும் ஒரே இழுப்பில் உருவலாம். இந்தப் பலகையில் பொம்மை, போட்டோ மாதிரி லேசான, அடி அகலமான பொருள்களை வையுங்கள். அடுக்கு மெத்தென்று இருப்பதால் உயரமான குவளைகள் ஆடும். ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் விட்டால் அந்தக் கோட்டிலேயே இழை விடும். ஒவ்வொரு முறை துவைத்ததும் மடிப்பை இரண்டு அங்குலம் தள்ளிப் போடுங்கள்.